ஏணிக்குக் கீழே மூன்று ஜோடி ஷூ

சனிக்கிழமை காலை பதினொரு மணி.

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில், ஜெயபிரகாஷ் அங்கிள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. காரின் தலைமேல் ஒரு கூடாரம் விரிந்திருந்தது. கூடாரத்திலிருந்து தரைவரை ஓர் அலுமினிய ஏணி சாய்ந்து இறங்கியது.

கயல் அண்ணாந்து பார்த்தாள். நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.

“அப்பா, இதுதான்! இதையே எடுத்துடலாம்.”

“ஷ்ஷ்! பிடிச்ச மாதிரி காட்டிக்காத” என்றார் அப்பா.

ஆனால் அப்பாவின் முகம் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

கயலின் அப்பா வெங்கடாசலம் எதையும் சட்டென்று வாங்குகிறவர் இல்லை. மிக்ஸி வாங்குவதற்கே மாதக்கணக்கில் வீடியோ பார்த்தவர். கார் கூரைமேல் மாட்டும் கூடாரம் என்றால் கேட்கவா வேண்டும்? பெட்டிபோலத் திறப்பதா, துணிபோல விரிப்பதா? மெத்தை தடிமனா, மெல்லிசா? கார் ஓடும்போது கூரை எவ்வளவு எடை தாங்கும், நிற்கும்போது எவ்வளவு தாங்கும்? சாப்பிடும்போதும் இதே பேச்சு. “தோசை ஆறுது” என்று அம்மா சொன்னால், “ஏணி உறுதியா இருக்கணும் எழில்” என்பார்.

சான் ஹோசே கடையில் பார்த்த பெட்டிக் கூடாரத்தில் நான்கு பேர் படுத்தால் ஒருவருடைய கால் வெளியே நீளும். ஃப்ரீமான்ட்டில் பார்த்தது அவர்களுடைய காருக்கு அதிகக் கனம். இது மூன்றாவது. நான்கு பேருக்கு இடம் இருந்தது. கனமும் சரி. படுத்தபடியே வானத்தைப் பார்க்க உச்சியில் ஒரு ஜன்னலும் இருந்தது.

“வெங்கட், ஒரு விஷயம்” என்றார் ஜெயபிரகாஷ் அங்கிள். அவர் ஹூஸ்டனுக்குக் குடிபோகிறார். அதனால்தான் விற்கிறார். “நம்ம வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன் இல்லையா? ஹம்சாவும் கேட்டிருக்காங்க. கிளம்பிட்டேன்னு மெசேஜ் வந்துடுச்சு. யார் முதல்ல ஓகே சொல்றீங்களோ அவங்களுக்குத்தான். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

“எப்போ வருவாங்க?”

“ஃப்ரீவேல ட்ராஃபிக் இல்லைன்னா இப்பவே.”

அப்பாவின் நெற்றி வேர்த்தது.

“ஏறிப் பார்க்கலாமா அங்கிள்?” என்று கேட்டான் தம்பி கதிர். கேட்கும்போதே ஒரு ஷூவைக் கழற்றிவிட்டான். அவனுக்கு எட்டு வயது. அவன் எதற்கும் பதிலுக்காகக் காத்திருக்க மாட்டான்.

கயலும் கழற்றினாள். அப்பாவும் கழற்றினார். ஏணிக்குக் கீழே ஷூக்கள் வரிசையாக உட்கார்ந்தன.

அங்கிளுக்குச் சிரிப்பு வந்தது. “கடையிலயும் இப்படித்தான் கழட்டினீங்களா?”

“படுக்கிற இடம் அங்கிள். ஷூவோட எப்படிப் போறது?” என்றாள் கயல்.

“அந்தக் கடைக்காரர் எங்க ஷூவை போட்டோ எடுத்தார்” என்றான் கதிர் பெருமையாக.

மூவரும் ஏறினார்கள். உள்ளே மெத்தை மெத்தென்று இருந்தது. கதிர் ஒரு குட்டிக்கரணம் போட்டான். கார் லேசாக ஆடியது.

“டேய்! இது அங்கிளோட டென்ட். இன்னும் நம்மது ஆகல” என்றார் அப்பா. பிறகு ரகசியமாக, “ஆனா ஸ்ட்ராங்கா இருக்கு, இல்ல?” என்றார்.

அவர் கூரைக் கம்பிகளைப் பார்க்க இறங்கிப் போனார். அவசரத்தில் ஷூ போட மறந்து, சாக்ஸோடு நடந்தார்.

கயல் மல்லாந்து படுத்தாள். ஜன்னலில் நீல வானம் தெரிந்தது. அடுத்த மாதம் பிக் சர் காட்டில் போய்த் தங்கும்போது இதே ஜன்னலில் நட்சத்திரம் தெரியும். ‘நான் வானத்துல தூங்கப் போறேன்’ என்று பள்ளியில் தோழி மஹாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்!

இந்த ஆசையை ஆரம்பித்து வைத்தது அம்மாதான். ஒரு நாள் பால்கனியில் நின்று, “இந்த ஊர்ல நட்சத்திரமே தெரியல கயல்” என்றார். பிறகு, “அதோ ஒண்ணு!” என்று காட்டினார். அந்த நட்சத்திரம் மெல்ல நகர்ந்து விமான நிலையத்தில் இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஏன் இன்னும் மேலே வரவில்லை?

கயல் பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

ஏணிக்குக் கீழே மூன்று ஜோடி ஷூ இருந்தது. அப்பாவுடையது, கதிருடையது, அவளுடையது. அம்மாவின் நீல ஷூ அங்கே இல்லை. அது அம்மாவின் காலிலேயே இருந்தது. அம்மா தள்ளி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கயல் யோசித்தாள்.

சான் ஹோசே கடையில், “எனக்கு ஒரு போன் வருது, நீங்க பாருங்க” என்று அம்மா வெளியே போய்விட்டார். ஃப்ரீமான்ட்டில், “முட்டி வலிக்குது” என்றார். இன்றைக்கு போட்டோ.

மூன்று கூடாரம் பார்த்தாயிற்று. அந்தக் கடைக்காரர் எடுத்த படத்தில்கூட மூன்று ஜோடிதான் இருந்திருக்கும்.

“அம்மா! மேல வா!” என்று கூப்பிட்டாள்.

“இதோ வரேன்.”

அம்மா ஏணி அருகே வந்தார். இரண்டு கைகளாலும் பிடித்தார். விரல் மூட்டுகள் வெளுத்துப் போயின. ஒரு காலை முதல் படிக்குத் தூக்கினார். அது பாதியிலேயே நின்றது. மெல்லத் தரைக்குத் திரும்பியது.

“போன் அடிக்குது” என்றார் அம்மா.

போன் அடிக்கவில்லை.

அம்மா நிமிர்ந்தார். கயல் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். லேசாகத் தலையை அசைத்தார். சொல்லாதே என்று அர்த்தம்.

கயலுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு உயரம் என்றால் பயம்! இது எப்படி இத்தனை நாள் தெரியாமல் போனது?

அப்பா காரைச் சுற்றிக்கொண்டு வந்தார். “எழில், கம்பி எல்லாம் பக்கா. எடுத்துடலாமா? நீ இன்னும் ஏறிப் பார்க்கலையே?”

“நான் எதுக்குங்க பார்க்கணும்? நல்லாத்தான் இருக்கு” என்றார் அம்மா. “அப்புறம்… அடுத்த மாசம் ஆபீஸ்ல புது சாஃப்ட்வேர் ரிலீஸ் வரும்போல இருக்கு. எனக்கு லீவு கிடைக்காது. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க.”

“ஐயோ! அப்ப யாரு சமைப்பா?” என்று மேலிருந்து கத்தினான் கதிர்.

“நான்” என்றார் அப்பா.

“அப்ப நானும் வரல.”

கயல் சிரிக்கவில்லை. ரிலீஸ் போன வாரமே முடிந்துவிட்டது. அதற்கு வெட்டிய கேக்கில் மீதியை அம்மா கொண்டுவந்தார். கதிர்தான் தின்றான்.

அம்மா வரப்போவதில்லை. நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்ட அம்மா மட்டும் வீட்டில் இருக்கப் போகிறார்.

தெருமுனையில் ஒரு வெள்ளை வேன் திரும்பியது.

“ஹம்சா வந்துட்டாங்க” என்றார் அங்கிள். “வெங்கட், யெஸ்ஸா நோவா?”

அப்பா மூச்சை இழுத்துக்கொண்டார். சொல்லப் போகிறார்.

உண்மையைக் கத்திவிடலாமா? அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாரே. அதுவும் அங்கிள் முன்னால், வந்து இறங்குகிறவர்கள் முன்னால். சொல்லாவிட்டால்? அம்மா இல்லாத காடு.

“அப்பா!” என்றாள் கயல். “நான் இதுல தூங்க மாட்டேன்.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“என்னது?”

“ராத்திரி பாத்ரூம் வந்தா இந்த ஏணியில இறங்கணும். கும்மிருட்டுல. என்னால முடியாது.”

“நீதானேம்மா இதுதான் வேணும்னு குதிச்ச?”

“இப்ப வேணாம்.”

“பயந்தாங்கொள்ளிக் கோழி!” என்றான் கதிர். “பக் பக் பக்! அக்கா கோழி! மஹா கிட்ட சொல்லப் போறேன்!”

கயலின் காது சூடாகியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நான் எழுந்து உன்னை இறக்கி விடறேன்டா” என்றார் அப்பா.

“நீங்களா? ஸ்மோக் அலாரம் அடிச்சப்பவே நீங்க எழுந்திருக்கலையேப்பா!”

அங்கிள் இருமுவதுபோலச் சிரித்தார். வெள்ளை வேன் வாசலுக்கு எதிரே வந்து நின்றது.

அப்பாவின் தோள் தொங்கிப்போனது. “இதை நான் எனக்காகவா தேடினேன்? உங்கம்மாவுக்காகத்தான். தரையில படுக்க மாட்டேன், பூச்சி வரும்னு சொன்னா.”

“நானா? எப்போ?” என்றார் அம்மா.

“டெக்சாஸ்ல, உங்க அண்ணன் வீட்டுல.”

“அது கரப்பான் பூச்சிங்க! அது பறந்துச்சு! அதைப் பார்த்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்வாங்க. காட்டுல தரையில படுக்க எனக்கு என்ன?”

அப்பா அண்ணாந்து கூடாரத்தைப் பார்த்தார்.

கயலுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. அப்பா அம்மாவுக்காக உயரத்தைத் தேடினார். அம்மா அப்பாவுக்காக உயரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. இருவரும் நல்லது செய்வதாக நினைத்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்.

வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

கயலின் கை கூடாரத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. விரலில் என்னவோ உறுத்தியது. குனிந்து பார்த்தாள். ஜிப்பின் பல். கூடாரத்தின் அடியில், ஏணிப் பக்கத்து விளிம்பு முழுவதும் அது ஓடியது. ஆனால் அதோடு சேரவேண்டிய மறுபாதியைக் காணோம்.

அப்பாவின் வீடியோக்களில் எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

“அங்கிள்! இந்த ஜிப் எதுக்கு? இதுல கீழ ஒரு ரூம் மாட்டலாம்தானே? ஏணியைச் சுத்தி?”

அங்கிள் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட, ஆமா! அது ஒரு பையில கராஜ்ல கிடக்கு. நாங்க பிரிக்கவே இல்ல. தரையும் சேர்த்துத் தைச்சிருக்கும். எறும்புகூட நுழையாது.”

“அப்ப நான் கீழ” என்றாள் கயல். “அம்மா எனக்குத் துணை. அப்பாவும் கதிரும் மேல.”

“வானம் எனக்கு! யெஸ்!” என்று குதித்தான் கதிர். அப்புறம் அவன் முகம் மாறியது. “இருங்க, இருங்க. அப்பா குறட்டை விடுவாரே!”

“அது உன் பிரச்சனை” என்றாள் கயல்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். “கீழன்னா உனக்கு ஓகேவா எழில்? அந்த ரிலீஸை…”

“தள்ளிப் போடலாம்” என்றார் அம்மா. கயலை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். “தள்ளிப் போடச் சொல்றேன்.”

“ஜேபி, ஓகே!” என்று அப்பா அங்கிளைப் பார்த்துக் கத்தினார். அவர் வாழ்க்கையிலேயே வேகமாகச் சொன்ன ஓகே அதுதான்.

அதே நிமிஷம் ஹம்சா ஆன்ட்டி வாசலுக்கு வந்தார். “என்ன, போச்சா?”

“ஜஸ்ட் மிஸ் ஆன்ட்டி” என்றான் கதிர்.

“சரி, பரவாயில்ல. ஜேபிக்கு டாட்டா சொல்ல வந்தேன்னு வச்சுக்கறேன். காபியாவது கிடைக்குமா, அதுவும் வித்தாச்சா?”

அங்கிளும் ஆன்ட்டியும் சிரித்தபடி பையை எடுக்கக் கராஜுக்குள் போனார்கள். அப்பா இன்னும் சாக்ஸோடுதான் போனார். கதிர் இறங்கி, “கோழி, கோழி” என்று பாடிக்கொண்டே பின்னால் ஓடினான்.

கயல் மெதுவாக இறங்கினாள். அம்மா ஏணி அருகிலேயே நின்றிருந்தார்.

“உனக்குப் பயமே கிடையாதே கயல். நீச்சல் குளத்துல உயரமான பலகையிலிருந்து குதிக்கிறவ நீ.”

கயல் ஷூவுக்குள் காலை நுழைத்தாள். “அம்மா, எந்த டென்ட் பார்க்கப் போனாலும் உன் ஷூ மட்டும் உன் கால்லயே இருந்துச்சு.”

அம்மா தன் நீல ஷூவைப் பார்த்தார்.

“ரெண்டு படி ஏறினா கால் இருக்கிறதே தெரியாது” என்றார். “சின்னப் புள்ளையிலேர்ந்து அப்படித்தான். உங்கப்பா இவ்வளவு ஆசையா தேடினாரு. எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

“நீ எப்ப சொல்லணும்னு நினைக்கிறியோ அப்ப சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

“உன்னைக் கோழின்னு சொல்றானே.”

“சொல்லட்டும். பிக் சர்ல ராத்திரி பூரா குறட்டை கேட்கப் போறான்.”

அம்மா சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

அம்மா குனிந்தார். நீல ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றி வைத்தார். அதன் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார்.

“ஒரே ஒரு படி” என்றார்.

முதல் படியில் கால் வைத்தார். ஏணி முனகியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கயல் பின்னால் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அம்மாவின் முதுகில் பதித்தாள்.

அம்மாவின் இன்னொரு கால் இரண்டாவது படியைத் தேடியது. கிடைத்துவிட்டது.

“கயல்” என்றார் அம்மா, திரும்பாமலே. “கையை எடுத்துட மாட்டியே?”