பதினொன்றாம் முளையில் கேட்ட குரல்

மழை விட்டு இரண்டு நாளாகியும் இங்கிலாந்தின் செவர்ன் ஆறு தேநீர் நிறத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பண்ணைக் கதவைத் தாண்டிச் சேற்றில் சக்கரம் வழுக்க, க்ளைவ் ட்ரான்டர் தன் காரை வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தியபோது மற்றவர்கள் எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள். பதினான்கு பேர். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டும், ரொட்டிக்குள் வைத்த பன்றியிறைச்சியைக் கடித்துக்கொண்டும், ஆற்றைப் பார்த்து ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டும் நின்றார்கள். இந்தக் கலங்கலில் சப் மீன் வாயே திறக்காது என்றார் ஒருவர். பார்பல் மீனுக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது, மீசையால் தடவியே இரையைக் கண்டுபிடித்துவிடும் என்றார் இன்னொருவர்.

க்ளைவின் பெட்டியில் இரைக்காக அடுக்கியிருந்த இறைச்சி டின்களை எட்டிப் பார்த்தான் மீன்பிடி நண்பன் ஹெட்லி. "என்னய்யா, மீன் பிடிக்க வந்தியா, கடை போட வந்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். க்ளைவும் சிரித்தான். அப்போதுதான் வேலிப் பக்கம் பச்சைக் கோட்டுப் போட்டு நின்ற க்ளெனிஸைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் நெவில் கஃப்பின் மனைவி. போன வருடம் இதே பிப்ரவரியில், இதே ஆற்றில்தான் நெவில் மூழ்கிப் போனான். அவன் பெயரில் மீன்பிடிச் சங்கம் நடத்தும் முதல் போட்டி இது. வெற்றிக் கோப்பையை அவளே வாங்கிக் கொடுத்திருந்தாள். அதைக் குழந்தையைப் போல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

சங்கத்துச் செயலாளர் டெஸ்மண்ட், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்கள் போட்ட துணிப்பையை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார். கரை நெடுக எண் எழுதிய மரமுளைகள் அடித்திருக்கும். பையில் எந்த எண் வருகிறதோ அந்த முளையில் உட்கார வேண்டும். பன்னிரண்டாம் எண்ணை மட்டும் மரியாதைக்காகப் போடவில்லை என்று டெஸ்மண்ட் முன்பே சொல்லிவிட்டார். அது நெவில் கடைசியாக உட்கார்ந்த இடம்.

க்ளைவ் கையை விட்டு எடுத்தான். பதினொன்று.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து டெஸ்மண்ட் குரலைத் தாழ்த்தினார். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். க்ளைவ் வாயைத் திறப்பதற்குள் க்ளெனிஸ் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"நீங்க அங்க உட்கார்றதுதான் சரி, க்ளைவ். அவருக்கும் அதுதான் பிடிச்சிருக்கும்."

அதற்குமேல் எப்படி மாட்டேன் என்பது?

பதினொன்றாம் முளை ஆறு வளைகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தது. வளைவைத் தாண்டினால் பன்னிரண்டு. நடுவில் ஆல்டர் மரங்கள் அடர்ந்து நின்றதால் ஓரிடத்தில் இருப்பவனுக்கு மற்றவனைத் தெரியாது. ஆனால் கேட்கும். சாதாரணமாகப் பேசினாலே கேட்கும்.

போன வருடமும் க்ளைவ் பதினொன்றில்தான் இருந்தான். விசாரணையில் அவன் சொன்னது இதுதான். காரில் வைத்திருந்த ஃபிளாஸ்க்கை எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நெவிலைக் காணவில்லை. தொப்பி மட்டும் கரையில் கிடந்தது. கீழே தேடிப் போனேன். வில்லோ மரத்து வேரில் மாட்டியிருந்தான். இழுத்துக் கரையில் போட்டேன். உயிர் இல்லை.

எல்லாரும் நம்பினார்கள். இடுப்பளவு வெள்ளத்தில் தனியாக இறங்கி நண்பனை இழுத்து வந்தவன் என்று உள்ளூர்ப் பத்திரிகை அவன் படத்தைப் போட்டது. க்ளெனிஸ் நெவிலின் ரீலைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அன்றிலிருந்து யாராவது தோளில் தட்டிக்கொடுத்தால் பூட்ஸுக்குள் குளிர்ந்த தண்ணீர் புகுந்த மாதிரி இருக்கும் அவனுக்கு. பேச்சை மாற்றுவான். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பதினொரு மணிக்கு டெஸ்மண்ட் விசில் ஊதினார். க்ளைவ் இறைச்சித் துண்டை முள்ளில் கோத்து, ஈயக் குண்டோடு ஆற்றின் நடுவே எறிந்துவிட்டு உட்கார்ந்தான். மதியம் வரை ஒன்றுமில்லை. தூண்டில் நுனி நீரோட்டத்துக்கு ஏற்ப மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குமேல் எதிர்க்கரையிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. மாடுகள் மறைந்தன, பிறகு வேலி, பிறகு எதிர்க்கரையே.

மூன்று மணி இருக்கும். முதலில் வாசனை வந்தது. பழைய பாலாடைக்கட்டியும் பூண்டும் சேர்த்துப் பிசைந்த நெடி. சப் மீனுக்கென்று அந்த உருண்டையைப் பிடிப்பவன் சங்கத்தில் ஒருவன்தான் இருந்தான். அதன் நாற்றத்துக்காக அவனைக் காரில் ஏற்றவே மாட்டேன் என்று க்ளைவ் எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறான்.

நெடி வளைவின் பக்கமிருந்து வந்தது. காற்று இல்லை. ஆனாலும் வந்தது.

"க்ளைவ்."

சத்தமில்லாத, சாதாரணக் குரல். பக்கத்து மேசையிலிருந்து கூப்பிடுவதுபோல.

அவன் எழுந்தான். ஆல்டர் மரங்களைப் பார்க்காமல் நேரே மேற்பக்கம் நடந்து பத்தாம் முளைக்குப் போனான். ஹெட்லி முழங்காலுக்கு நடுவே தேநீரை வைத்து ஊதிக்கொண்டிருந்தான்.

"நீ என்னைக் கூப்பிட்டியா?"

"இல்லையே." ஹெட்லி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அந்த இடம் ஒரு மாதிரிதான் இருக்கும் உனக்கு. கொஞ்ச நேரம் இங்கயே உட்காரு. தேநீர் குடி."

அவன் காட்டிய பரிவைத் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

நாலரை மணிக்கு வெளிச்சம் சாம்பலாகத் தொடங்கியது. போட்டி முடிய அரைமணி நேரம். எதுவும் மாட்டாமல் போகட்டும், போய்விடலாம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோதே தூண்டில் நுனி ஒருமுறை தட்டியது. பிறகு மொத்தக் கோலும் வளைந்து தாங்கியிலிருந்து பாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்தான். ரீல் அலறியது.

பார்பல். கனத்த பார்பல். அடியில் படுத்துக்கொண்டு, ஆற்றின் பலத்தையும் சேர்த்துக்கொண்டு இழுத்தது.

"க்ளைவ்... கொஞ்சம் இங்க வாயேன்."

போன வருடமும் இதே வார்த்தைதான்.

அவன் காருக்குப் போகவே இல்லை. ஃபிளாஸ்க் அவன் காலடியில்தான் இருந்தது. போன வருடம் அந்த நேரம் அவன் கையில் வாழ்நாளில் கண்டிராத பெரிய மீன் ஒன்று மாட்டியிருந்தது. நெவில் கூப்பிட்டான். அலட்டிக்கொள்ளத் தெரியாத ஆள். வீடு தீப்பிடித்தாலும் அதே குரலில்தான் சொல்வான். க்ளைவ் திரும்பாமலே கத்தினான். "இருடா, பெருசு ஒன்னு மாட்டியிருக்கு. வர்றேன்." இரண்டாவது முறை நெவில் பெயரை மட்டும் சொன்னான். அந்தக் குரலில் பற்கள் தந்தியடித்தன. க்ளைவுக்கு அது தெரிந்தது. நெவில் தண்ணீருக்குள் இருக்கிறான் என்று தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடம்தான், மீன் களைத்துவிட்டது என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மூன்றாவது முறை குரல் வரவில்லை. மீன் வலைக்குள் வந்தது. அதை எடை கூடப் போடாமல் ஆற்றில் கவிழ்த்துவிட்டுத்தான் ஓடினான்.

நெவிலின் விரல்களை வேரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். வர்றேன் என்று சொன்னவன் வருவான் என்று.

இந்த ஒரு வருடத்தில் எத்தனை இரவு சத்தியம் செய்திருப்பான். இன்னொரு தரம் அந்தக் குரல் கேட்டால், கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவேன் என்று.

இப்போது கேட்டது.

"க்ளைவ்."

போடு. கோலைக் கீழே போடு.

கை போடவில்லை. கட்டைவிரல் ரீலின் விளிம்பை அழுத்தித் தூண்டில் நரம்பை அளந்து விட்டுக்கொண்டிருந்தது. இடது கால் தானாகப் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. கண் தண்ணீரை விட்டு அகலவில்லை. மீன் மேலே வந்து ஒருமுறை புரண்டது. அந்த வெண்கல நிற விலாவைப் பார்த்ததும் அவன் நெஞ்சு சந்தோஷத்தில் குதித்தது. அதை அவனே உணர்ந்தான். உணர்ந்து, அப்படியே செத்துப்போகலாம் என்று இருந்தது. அப்போதும் விடவில்லை.

வளைவுப் பக்கம் தண்ணீர் சலசலத்தது. யாரோ கரையோரமாக நடந்து வருகிற மாதிரி. தண்ணீருக்குள்.

சலசலப்பு நெருங்கியது.

பூண்டு நெடி மூக்கில் அறைந்தது.

"பரவாயில்லடா," என்றது குரல், அவன் இடது தோளுக்கு வெகு அருகில். "முதல்ல அத எடு."

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மீன் கரையோரம் வந்து, வாய் திறந்து, பக்கவாட்டில் சாய்ந்தது. கைவலை பின்னால் புல்லில் எட்டாத தூரத்தில் கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலை இடப்பக்கமிருந்து தண்ணீருக்குள் இறங்கியது. அவசரப்படாமல், மீனைப் பயமுறுத்தாமல், நல்ல கூட்டாளி பிடிப்பதுபோல் ஆழத்தில் நின்று காத்திருந்தது. மீன் மேலே மிதந்ததும் மெல்ல உயர்ந்து அதை வாங்கிக்கொண்டது.

கைப்பிடியின் மறுமுனை பனிமூட்டத்துக்குள் இருந்தது.

பிறகு வலை அவன் காலடியில் படுத்துக் கிடந்தது. மீன் வலைக்குள் செவுளை விரித்து மூடிக்கொண்டிருந்தது.

ரீல் போட்ட சத்தம் கேட்டு ஹெட்லி ஓடிவந்தான். மீனைப் பார்த்து வாயடைத்துப் போனான். விசில் ஊதியாயிற்று. டெஸ்மண்ட் தராசோடு வந்தார், பின்னாலேயே மற்றவர்களும். பதின்மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ். அன்றைக்கு வேறு யாரும் அதில் பாதிகூடப் பிடிக்கவில்லை. ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது மூச்சு வாங்கித் தெளிந்து நழுவிப் போகும்வரை ஹெட்லியே நின்றான். நிமிர்ந்தவன் புருவத்தைச் சுருக்கி, இந்தச் சரிவில் யார் உனக்கு வலை பிடித்தது என்று கேட்டான். க்ளைவ் குனிந்து டின்களைப் பெட்டிக்குள் அடுக்கினான்.

கார்கள் நின்ற இடத்தில் க்ளெனிஸ் கோப்பையை நீட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கண் கலங்கியிருந்தாலும் முகம் சிரித்தது. "அவரே அனுப்பி வச்ச மாதிரி இருக்கு," என்றாள்.

க்ளைவின் கை மேலே வரவில்லை.

பிறகு அவன் சொன்னான். எல்லார் முன்னாலும், பூட்ஸைப் பார்த்துக்கொண்டே, திக்கித் திக்கிச் சொன்னான். கார் இல்லை, ஃபிளாஸ்க் இல்லை. கேட்டது. இரு, வர்றேன் என்று சொன்னது. போகாதது. இன்றைக்கு மறுபடியும் கேட்டது, மறுபடியும் போகாதது. வலையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பயத்தில் உளறுகிறான் என்று பரிதாபப்படுவார்கள். இனி யாருடைய பரிதாபமும் அவனுக்கு வேண்டாம்.

எங்கோ ஒரு காரில் கதவு திறந்திருப்பதைச் சொல்லும் மணி கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது.

க்ளெனிஸ் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நீங்க பதில் சொன்னது அவருக்குக் கேட்டுச்சா?"

"கேட்டிருக்கும்."

"அப்ப நீங்க வருவீங்கன்னு நம்பிக்கிட்டேதான் இருந்திருக்காரு."

அவன் தலையை ஆட்டினான்.

"அவரு சத்தம் போட்டிருந்தா மேல இருந்தவங்களுக்குக் கேட்டிருக்கும். நீங்க வருவீங்கன்னுதான் போடல," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெஸ்மண்ட் அவள் முழங்கையைப் பிடித்துக் காருக்கு அழைத்துப் போனார்.

அதன்பின் நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. அந்த வாரமே க்ளைவ் சங்கத்திலிருந்து விலகிக் கடிதம் எழுதினான். யாரும் விலக வேண்டாம் என்று எழுதவில்லை. நெவிலின் ரீலை க்ளெனிஸ் வீட்டு வாசலில் வைத்துவிட்டு மணியை அடிக்காமல் வந்தான். விசாரணை அதிகாரிக்கும் எழுதினான். யாரோ வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். மதுக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினான். தூண்டில்கள் மாடியில் கிடந்தன. வேலை உண்டு, வீடு உண்டு என்று இருந்தான். வூஸ்டர் நகரில் பஸ் பழுது பார்க்கும் கொட்டகையில் அவனுக்கு வேலை. அங்கே யாருக்கும் அவன் கதை தெரியாது. ஆற்றின் பாலத்தைக் கடக்க வேண்டாம் என்று சுற்றுவழியில் வீட்டுக்குப் போவான்.

ஜூன் நடுவில் மீன்பிடிக் காலம் மறுபடி தொடங்கியது. மூன்றாம் நாள் மாலை தொலைபேசி அடித்தது. ஹெட்லி. நாலு மாதத்துக்குப் பிறகு. குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

"வந்தா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாய்யா? நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்?"

"எங்க வந்தா?"

"பதினொன்னுல. நேத்து சாயங்காலம் எதிர்க்கரையில நடந்து வந்தேன், பார்த்தேன். கோல் வில்லா வளைஞ்சிருந்துச்சு. பெரிய மீனு போல."

க்ளைவ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். நேற்று சாயங்காலம் எட்டு மணிவரை அவன் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தான். மூன்று பேர் கூட இருந்தார்கள்.

"நான் வரல, ஹெட்லி."

"சும்மா சொல்லாத. அதே பழைய கோட்டு, அதே நிக்கிற மாதிரி. எனக்குத் தெரியாதா உன்ன?" ஹெட்லி சற்று நிறுத்தினான். "ஆமா, கூட யாரு? உன் பக்கத்துல இடுப்பளவு தண்ணியில கைவலையோட ஒருத்தரு நின்னாரு. முகம் சரியாத் தெரியல. ரெண்டு தரம் உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டேன்."

க்ளைவ் தொலைபேசியைக் காதோடு அழுத்தினான்.

"அவரு திரும்பிப் பார்த்தாரு. நீதான் பார்க்கல."