கூட வந்தவள்

பழைய பிரசவ வார்டைத்தான் இப்போது ஆவண அறையாக மாற்றியிருந்தார்கள். கட்டில்கள் கிடந்த இடத்தில் வரிசையாக இரும்பு அலமாரிகள். மதியம் இரண்டு மணிக்கு டாக்டரம்மா உள்ளே நுழைந்தபோது, பினாயில் நெடியையும் மீறிப் பழைய ரத்தத்தின் வாடை லேசாக மூக்கில் ஏறியது.

அவளுக்கு ஒன்பதாவது மாதம். பிரசவ வலிப்பில் இறந்துபோன பெண்களைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. விடுப்பில் போவதற்குள் இருநூறு கேஸ் ஷீட்டையும் பார்த்து முடித்துவிட வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"இந்த நேரத்துல இதையெல்லாம் படிக்கணுமாம்மா?" என்றார் ஆவண அறைக்காரர்.

"இவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தானே சார், அடுத்தவங்களைக் காப்பாத்த முடியும்?"

அவர் டீ குடிக்கக் கிளம்பினார். காலையிலிருந்து மண்டையைப் பிளந்த தலைவலிக்குத் தூக்கமில்லாததுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் அடுத்த கட்டைப் பிரித்தாள்.

வயது இருபத்திரண்டு. தலைப்பிரசவம். 'தலைவலி என்கிறாள். பயம்தான் காரணம்' என்று யாரோ கிறுக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே, வலிப்பு. அதற்கும் கீழே, மரணம் நேர்ந்த மணி. குழந்தை பிழைத்தது. தாய் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் அந்தத் தாளை இரண்டாம் தடவை படித்தாள்.

அலமாரிக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஈரமான, இழுத்து இழுத்து விடும் மூச்சு.

"யாரு?"

மூச்சு நின்றது. பிறகு, காதோரம் ஒரு கிசுகிசுப்பு.

"தலை வலிக்குதாக்கா?"

அவள் சட்டென்று திரும்பினாள். யாருமில்லை.

"கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதா?"

பறந்தது.

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பயம்னு சொல்லிட்டாங்க."

எழப் பார்த்தாள். கால் ஒத்துழைக்கவில்லை. ஐஸ் போன்ற கை ஒன்று அவள் தோளுக்கடியில் நுழைந்து தாங்கித் தூக்கியது.

அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது அடிவயிற்றில் தையல் சுரீரென்றது. பக்கத்தில் தொட்டில்.

"பிரஷர் இருநூறைத் தொட்டிருந்துச்சு டாக்டர். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா அவ்வளவுதான்," என்றாள் நர்ஸ். "நல்லவேளை, உங்க தங்கச்சி கைத்தாங்கலா கூட்டிட்டு வந்துட்டாங்க."

அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"எந்தத் தங்கச்சி?"

"சின்னப் பொண்ணு. முடியெல்லாம் ஈரமா இருந்துச்சு. பாவம், குழந்தையை ஒரே ஒரு தடவை தூக்கிக்கிறேன்னு கெஞ்சினாங்க. கொடுத்தேன். இப்பத்தான் தொட்டில்ல போட்டுட்டு வெளியே போனாங்க."

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு அவள் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர்... இவளுக்குப் பால் ஏதாவது கொடுத்தீங்களா?"

"இன்னும் இல்ல டாக்டர். நீங்க கண்ணு முழிக்கட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தோம்."

குழந்தை வயிறு நிறைந்த நிம்மதியோடு உறங்கிக்கொண்டிருந்தது. அதன் கடைவாயில் ஒரு துளிப் பால் வழிந்து நின்றது.