மனமொத்த மணமுறிவு

மாதரசியின் இடது கையில் கிடந்த ஒப்புக்காப்பு எண்பத்தொன்று காட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவன் ஜெயசிங்கின் காப்பும் அதே எண்பத்தொன்று. எதிர்ச்சுவரில் பதித்திருந்த தீர்ப்புப் பொறியான தீர்ப்பி தொண்டையைச் செருமியது. அதற்குத் தொண்டை ஏது? கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காரட்டும் என்று, செய்தவர்கள் ஒரு செருமலையும் உள்ளே வைத்திருந்தார்கள்.

"மனுதாரர் இருவரின் மனமும் ஒத்திருக்கிறது. மனம் ஒத்தவர்களின் மணம் முறிந்ததாகாது. மனு தள்ளுபடி. வீட்டுக்குச் சென்று நலமாக வாழுங்கள்."

"மனசு ஒத்துப்போகலைன்னுதானே போன தடவை தள்ளுனீக?" என்றாள் மாதரசி.

"போன முறை உங்கள் ஒப்பெண் ஐம்பத்தெட்டு. மனம் ஒவ்வாதவர்கள் மனமொத்த மணமுறிவு கேட்க இயலாது."

ஜெயசிங் எழுந்து வேட்டியைச் சரிசெய்தான். "வா போவோம். சுவரோட என்ன பேச்சு."

ஒப்புக்காப்பு எப்படி வேலை செய்கிறது என்று நெய்தலூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணமுறிவு கேட்டு மனுப் போட்ட அன்றே இருவர் கையிலும் பூட்டிவிடுவார்கள். நாடியை, வேர்வையை, பேச்சின் ஏற்ற இறக்கத்தை எல்லாம் பார்த்து, இவர்கள் மனம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நூற்றுக்கு இவ்வளவு என எண் போடும். அதுதான் ஒப்பெண். நூற்றெண்பது நாள் ஒரே கூரையின் கீழ் இருந்து அளக்கவிட வேண்டும். முடிவில் அறுபதைத் தாண்டினால் மணம் நன்றாக இருக்கிறது, முறிக்கக்கூடாது. தாண்டாவிட்டால் மனமொத்து வந்தவர்கள் இல்லை, மனு செல்லாது. இருவரும் சம்மதித்துக் கேட்பது என்ற பொருளில் சட்டத்தில் யாரோ 'மனமொத்த' என்று எழுதிவைத்தார்கள். தீர்ப்பிக்குப் பாடம் சொன்னவர்கள் அந்தச் சொல்லை அப்படியே ஊட்டிவிட்டார்கள். அது சொன்னதைச் செய்கிற பிள்ளை. என்ன செய்ய?

காப்பைக் கழற்ற வேண்டுமானால், இன்னும் பத்து வருஷத்துக்கு மணமுறிவு கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாதரசி எழுதிக் கொடுக்கவில்லை. பதினெட்டு மாதமாகக் காப்பின் அடியில் தோல் கன்றிப்போயிருந்தது. அவள் சிறுநீரகப் பிரிவில் தாதி; நாளுக்கு ஐம்பது தடவை கை கழுவுகிறவள்.

ஜெயசிங் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கைநீட்ட மாட்டான். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவளை ஒன்று கேட்டுச் செய்ததில்லை. அவளுக்குத் தீவு மருத்துவமனையில் தலைமைத் தாதி வேலை வந்தபோது, அலைச்சல் வேண்டாமே என்று அவனே வேண்டாமென எழுதிப் போட்டுவிட்டான். மூன்றாவது கருவும் கலைந்து அவள் மருத்துவமனையிலிருந்து வீடு வந்தபோது, உத்தரத்தில் கட்டியிருந்த தொட்டில் இல்லை. "நீ பாத்தா வருத்தப்படுவேன்னு யாருக்கோ குடுத்துட்டேன்." எல்லாம் பிரியம்தான். அவளுக்கு அந்தத் தொட்டிலை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அதை அவன் கேட்கவே இல்லை. தீவு வேலை இப்போது மறுபடி வந்திருந்தது. ஒரே கூரை விதி இருக்கிறவரை அவள் கடல் தாண்ட முடியாது. மாசி மாதத்துக்குள் போகாவிட்டால் அது வேறு ஆளுக்கு.

"நீங்க போங்க. எனக்கு முறிவேடு பாக்கணும்" என்றாள்.

முறிவேட்டு அறையில் இருந்த பொன்னுத்தாய் தீர்ப்பறைக்கும் எழுத்தர்தான். தலைநிறையக் கனகாம்பரம் வைத்திருந்தாள். இந்த வட்டாரத்து மணமுறிவுகள் எல்லாம் அவளுடைய படிப்பலகையில் இருந்தன. அடையாள எண்ணைச் சொன்னால் யாரும் பார்க்கலாம்.

"எந்த வருஷம் வேணும் அக்கா?"

"தீர்ப்பி வந்ததுலருந்து. கிடைச்சவங்க மட்டும்."

ஒன்பது வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் மனுக்கள். கிடைத்தவை நாற்பத்தொன்று.

"மனமொத்த வாசல் வழியா எத்தனை பேரு?"

"அந்த வாசல் படத்துல மட்டும்தான் இருக்கு அக்கா. போனவங்க எல்லாம் அடுத்த வாசல்." பொன்னுத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "குற்றம் காட்டுறது. ஒப்பெண் முப்பதுக்குக் கீழ போகணும், கொடுமை நடந்ததுக்குச் சாட்சி இருக்கணும். காப்பே பதிஞ்சு வச்சுக்கிடும்."

மாதரசி நாற்பத்தொன்றையும் படித்தாள். உடைந்த தோள்பட்டை. கொதித்த எண்ணெய். பட்டினி. நடுவே மூன்றில் மட்டும் 'சொல்லால் கொடுமை' என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜெயசிங் மீன் கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் அடிச்சேன்னு எழுதிரு."

"காப்புக்குத் தெரியாதாக்கும்?"

"நெசமாவே அடிச்சிரவா?" ஈரக் கையை ஓங்கினான். கையில் சாளை மீன் ஒன்று தொங்கியது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு காப்பும் எண்பத்துநான்கு காட்டின.

"சிரிக்காதீங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்படிச் சிரிச்சே நாம செத்துப்போவோம்."

அவன் மீனைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசவில்லை.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அவள் அண்ணனின் புது வீட்டுப் பால்காய்ப்பு. மத்தியானப் பந்தி. அண்ணி பாயசத்தோடு வந்து, "மாதரசி, எங்க சின்னவளுக்கு நீதான் பேர் வைக்கணும்" என்று குழந்தையை அவள் மடியில் வைக்கப் போனாள். ஜெயசிங் இலையிலிருந்து எழுந்தான்.

"அவளிடம் கொடுக்காதீர்கள். மூன்று பிள்ளைகளைத் தன் வயிற்றிலேயே புதைத்தவள் இவள். இவள் கை பட்ட குழந்தை விளங்காது."

பந்தியில் ஒரு கை அசையவில்லை. அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். தெரியாமல் செய்ததுதான், ஆனால் நகர்ந்தாள். மாதரசியின் கையில் காப்பு சிவந்து பத்தொன்பதுக்கு இறங்கியது.

மறுநாள் அவள் அடுத்த வாசலில் மனுப் போட்டாள். ஒரு வாரத்தில் விசாரணை. அந்த வாரம் முழுக்க ஒரே கூரையின் கீழ் அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

தீர்ப்பறையில் தீர்ப்பி செருமியது. "பதிவு ஒலிக்கப்படும். மனுதாரர் கேட்க வேண்டும்."

பாத்திரச் சத்தம், அண்ணியின் குரல், பிறகு அவன் குரல். பந்தியில் அந்தச் சொற்கள் நெஞ்சில் விழுந்ததால் காதில் விழாமல் போயிருந்தன. இப்போதுதான் கேட்டாள். *கொடுக்காதீர்கள். தன் வயிற்றிலேயே. புதைத்தவள் இவள்.*

ஜெயசிங் பிறந்ததிலிருந்து யாரிடமும் 'கொடுக்காதீர்கள்' என்று பேசியவன் இல்லை. கோபம் வந்தால் 'குடுக்காதிய' என்பான். பாதிச் சொல்லை விழுங்குவான். இது பேச்சு இல்லை. எழுதி வைத்துப் படித்தது. தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஆளில்லாத நேரத்தில் மனப்பாடம் செய்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததைப் போலவே, ஒரு சொல் பிசகாமல்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பு இருபத்துமூன்று என்றது. இருபத்தாறு. இருபத்தெட்டு.

"அக்கா" என்றாள் பொன்னுத்தாய், மூச்சுக்குள்ளே. "முப்பதைத் தாண்டிராதிய."

எனக்காகத்தான் செய்திருக்கிறான், என்று மாதரசி நினைத்தாள். எனக்காக. என்னைக் கேட்காமல். அவன் பேச்சில் எடுத்து வீசிய மூன்று பிள்ளைகளும் எனக்கும் பிள்ளைகள். அவர்களைப் பந்தியில் இழுத்துப்போட ஆகுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்; இந்தக் காப்போடேயே கிடப்போம் என்றிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை.

வயிற்றிலிருந்து ஏறி வந்தது கோபம். காப்பு இருபத்தொன்றுக்கு வந்தது.

"கொடுமை மெய். மணமுறிவு வழங்கப்படுகிறது" என்றது தீர்ப்பி. "முத்திரை பதிய ஏழு நிமிடம் ஆகும். அதற்குள் ஒப்பெண் முப்பதைத் தாண்டினால் தீர்ப்பு செல்லாது. இருவரும் அறையை விட்டு அகலக்கூடாது."

பொன்னுத்தாய் ஓடி வந்தாள். "ஆளுக்கொரு சுவரைப் பாத்து நில்லுங்க. திரும்பிப் பாக்காதிய அண்ணாச்சி. அக்கா, நீங்களும்தான்."

முதுகுக்கு முதுகு நின்றார்கள். மூலையில் முத்திரைப்பொறி முனகத் தொடங்கியது. ஒரு நிமிடம். இரண்டு.

மூன்றாம் நிமிடத்தில் ஜெயசிங்குக்குப் புரையேறியது.

எச்சிலை விழுங்கியதில் எங்கோ போய்விட்டது. முதலில் சின்ன இருமல். பிறகு நிற்காத இருமல். பத்தொன்பது வருஷமாக இதற்கு மாதரசியின் கை தானாகவே போகும். உச்சந்தலையில் இரண்டு தட்டு, "யாரோ நினைக்காவ" என்று ஒரு சொல், ஒரு வாய் தண்ணீர். பையில் தண்ணீர்ப்புட்டி இருந்தது. கை பைக்குள் போய் அதைப் பிடித்தும்விட்டது. காப்பு இருபத்தாறு.

கையை வெளியே எடுத்தாள். சுவரில் ஒரு விரிசல் இருந்தது, அதைப் பார்த்தாள். பின்னால் இருமல் இழுத்தது. மூச்சு சிக்கி விசில் போல வந்தது. அவள் தாதி. எத்தனையாவது இருமலில் ஓடிப்போய் முதுகில் தட்ட வேண்டும் என்று தெரிந்தவள். எண்ணினாள். அந்த எண்ணிக்கை வந்தது, அவள் நின்றாள். தாண்டிப் போனது, அப்போதும் நின்றாள். பொன்னுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள். காப்பு பதினான்கு என்றது. பிறகு ஒன்பது. பிறகு நான்கு.

இருமல் தானாக அடங்கியது.

முத்திரை விழுந்தது. இரண்டு காப்பும் ஒரே நேரத்தில் கழன்று தரையில் உருண்டன. "ஒப்பெண் நான்கு. தீர்ப்பு சரிபார்க்கப்பட்டது" என்றது தீர்ப்பி. வட்டாரத்தின் நாற்பத்திரண்டாவது முறிவு ஏட்டில் ஏறியது.

மாதரசி திரும்பினாள். கன்றிய மணிக்கட்டில் காற்றுப் பட்டது. ஜெயசிங் சுவரில் கையூன்றி நின்றான். கண் சிவந்து நீர் வழிந்தது. அவன் அவளைப் பார்த்தான், அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். பிறகு பொன்னுத்தாயின் பக்கம் திரும்பினான்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டான்.