செம்மைப்பாதம்

சந்திரனில் அம்மாக்கள் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவதற்கு முன்னால் பாரக்கொலுசு பூட்டிவிடுவார்கள். ஈயம் நிரப்பிய வளையம் அது. அங்கே உடம்பின் எடை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். கொலுசு இல்லாமல் வாசலைத் தாண்டிய பிள்ளை ஒரே எட்டில் எதிர்வீட்டுக் கூரையில் போய் நிற்கும். "கொலுசு எங்கட்டீ?" என்ற அதட்டல் கேட்காத காலைப்பொழுது அந்தக் குடியிருப்பில் கிடையாது.

மாலையானால் எல்லாரும் சுழல்கூடத்துக்குப் போவார்கள். பெரிய உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் நிற்பவருக்குப் பூமியில் நிற்பது போலவே உடம்பு கனக்கும். கிழவர்கள் முதல் கைக்குழந்தைக்காரிகள் வரை அதற்குள் மூச்சு வாங்க வாங்க நடப்பார்கள். என்றைக்காவது ஒருநாள் பூமியில் இறங்க வேண்டியிருக்கும், அன்றைக்குக் கால் மடங்கிவிடக் கூடாதே என்ற கவலை.

கோசலையின் மகள் அலர்மேலுக்கு அந்த நாள் வந்துவிட்டது. அவள் கர்ப்பமாக இருந்தாள். பிள்ளையின் எலும்பு வயிற்றுக்குள் இறுகும் காலத்தில் பூமியின் எடை வேண்டும். சந்திரனிலேயே பெற்றெடுத்தால் எலும்பு பஞ்சாகிப் போகும். அங்கே பிறந்து அப்படி வாடிய பிள்ளைகளைக் கோசலை தன் கையாலேயே தூக்கியிருக்கிறாள். அவள் கணுக்கால் மருத்துவர். ஆகவே கடைசி மூன்று மாதங்கள் தொடங்குவதற்குள் அலர் பூமிக்குப் போயாக வேண்டும். போவதற்கு, பூமியின் எடையைக் கால் தாங்கும் என்று சொல்லும் நடைச்சான்று வேண்டும்.

அந்தச் சான்றின் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். ஒரு காலத்தில் பூமியின் ஒவ்வொரு துறைமுகமும் தன் இஷ்டத்துக்குச் சந்திரப் பிள்ளைகளின் காலைச் சோதித்தது. லிஸ்பன் ஆய்வாளர்கள் குதிகாலின் பின்முனையிலிருந்து அளந்தார்கள். ஒசாகாவில் கணுவெலும்பிலிருந்து. ஓரிடத்தில் வெறுங்கால், ஓரிடத்தில் காலுறையோடு. இங்கே தேறிய கால் அங்கே தேறாது. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் அழுகையைக் கேட்டுக் கேட்டுத்தான் கோசலை பாதமன்றத்தைத் தொடங்கினாள். பூமியின் பல நாட்டு ஆய்வாளர்களையும் சந்திரனின் ஆய்வாளர்களையும் ஒரே கூட்டமாக உட்கார வைப்பது லேசான வேலையா? ஒருவர் அளவை இன்னொருவர் ஒப்ப மாட்டார். அவள் ஒரு விதி வைத்தாள்: யாரை மறுத்துப் பேச வேண்டுமோ அவருடைய கட்டுரையை முதலில் வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். எதிராளியின் எழுத்தைத் தன் வாயால் படிக்கும்போது கோபம் பாதி கரைந்துவிடும். பன்னிரண்டு வருடம் இப்படியே இழுத்து இழுத்து, கடைசியில் எல்லாரும் ஓர் அளவுக்கு ஒத்துக்கொண்டார்கள். பூமியில் வாழும் மனிதனின் சராசரிக் கால், அதன் பெயர் செம்மைப்பாதம். அந்த அளவை எட்டும் கணுக்காலுக்கு எந்தத் துறைமுகமும் கதவைத் திறக்க வேண்டும். எட்டாத காலுக்குத் திறக்கக் கூடாது.

அலரின் கணுக்கால் எட்டவில்லை. கொஞ்சம்தான் குறைவு. ஆனாலும் குறைவு.

"உங்க மன்றத்துல என் காலு தோத்துப் போச்சாக்கும்?" என்றாள் அலர், கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டு. "உள்ள இருக்கறது விடிஞ்சதுல இருந்து ஒதைக்குது. அதோட காலையாவது பாஸ் போடச் சொல்லும்மா."

"வெளையாடாத. எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

"பொறகு? அழுதா கணுக்காலு வளந்துருமா?"

மகளுக்காக விதியை வளைக்கக் கோசலைக்கு மனம் வரவில்லை. விதி அவள் போட்டது. ஆனால் விதிக்குள்ளேயே ஒரு வழி இருந்தது: யாருடைய காலை மறுத்தாலும், செம்மைப்பாதத்தைப் புதிதாக அளந்து சரிபார்க்கும்படி அவர் கேட்கலாம். அதுவரை யாரும் கேட்டதில்லை. அலரின் பெயரில் கோசலை கேட்டாள். பூமியின் ஒவ்வோர் ஆய்வகமும் தன் ஊரில் நடமாடும் மனிதர்களை அழைத்து, அளவுப் பலகையில் நடக்கவிட்டு, கணக்கை அனுப்ப வேண்டும்.

ஒருவரும் அனுப்பவில்லை. பலகை பழுது என்றது ஓர் ஆய்வகம். மழைக்காலம் என்றது மற்றொன்று. ஓர் ஆய்வாளர் கேள்வியையே பார்க்காதது போல, அலரின் உடல்நலத்துக்கு வாழ்த்து மட்டும் அனுப்பினார். நாள் போய்க்கொண்டிருந்தது. அலரின் வயிறு பெருத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் தூத்துக்குடி ஆய்வகத்தின் பேராசிரியர் சந்தியாகு மச்சாது தனியாக அழைத்தார். மன்றத்தின் தலைவர் அவர். வழக்கம்போல அவருடைய ஒளியுரு மார்பளவுக்கு மேசைமேல் எழுந்தது. பூமியிலிருந்து சொல் வந்து சேர ஒரு மூச்சு நேரமாகும். அன்று அவர் அதற்கும் அதிகமாகத் தயங்கினார்.

"தங்கச்சி, நீ பூமியை விட்டுப் போயி எத்தன வருசமாச்சு?"

"கல்யாணமான மறுவருசம் வந்தேன் அண்ணாச்சி. இப்ப நான் பாட்டியாகப் போறேன். எதுக்கு கேக்கீங்க?"

"நாங்க இப்ப நடக்கறதில்ல, தாயி."

கோசலைக்குப் புரியவில்லை. "நீங்கன்னா? உங்களுக்கு முட்டி வலியா?"

"எனக்கு மட்டுமில்ல. ஊருக்கே சொல்லுதேன்." அவர் ஏதோ ஒரு விசையைத் தொட்டார். ஒளியுரு மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வளர்ந்தது. சட்டைக்குக் கீழே இடுப்பில் கட்டிய சாரம், சாரத்துக்குக் கீழே மிதவை நாற்காலி. அதன் விளிம்பில் இரண்டு பாதங்கள் தொங்கின. பிறந்த பிள்ளையின் பாதம் போல வழவழவென்று, ஒரு வெடிப்பு இல்லாமல், ஒரு காய்ப்பு இல்லாமல். இத்தனை வருடம் பாதத்தைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் ஒருவர் பாதத்தை ஒருவர் பார்த்ததே இல்லை என்பது கோசலைக்கு அப்போதுதான் உறைத்தது.

"படத்துல எல்லாம் ஓடுதாங்களே அண்ணாச்சி. ஆடுதாங்களே!"

"அது மெஷின் வரையுற ஆளுக."

"அப்ப செம்மைப்பாதம்? அந்த அளவ எங்க இருந்து எடுத்தீங்க?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் லிஸ்பன் கட்டுரையில இருந்து எடுத்தேன். லிஸ்பன்காரி ஒசாகா கட்டுரையில இருந்து. ஒசாகாக்காரர் எங்க ஆய்வகத்துப் பழைய கட்டுரையில இருந்து. எங்க பாட்டன் காலத்துல அளந்தது. நீயுந்தானே எல்லார் கட்டுரையையும் எல்லாரும் மரியாதையா வாசிக்கணும்னு சொன்ன? வாசிச்சோம். ஒருத்தரும் ஆள எழுந்து நிக்கச் சொல்லல."

சான்று கிடைக்காமல் திரும்பிப்போன பெண்கள் ஒவ்வொருவராகக் கோசலையின் கண்முன் வந்தார்கள். அவர்களுக்குக் கதவைச் சாத்தியது யாருடைய கால்? உயிரோடு இல்லாதவர்களின் கால்.

"இத நீங்க மன்றத்துல சொல்லணும், அண்ணாச்சி."

"மானம் போயிரும், தாயி."

"எம் மக பிள்ள வளையாத எலும்போட பொறக்கணும். உங்க மானம் பெருசா, அது பெருசா?"

சந்தியாகு நல்ல மனிதர். சொன்னார். மன்றத்தில் முதல்முறையாக எல்லா ஒளியுருக்களும் கால்வரை இறங்கின. லிஸ்பன் அம்மையார் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவரவர் ஊர் மக்களை அளவுப் பலகைமேல் தாங்கிப் பிடித்து நிறுத்தி, இருக்கிற காலை இருக்கிறபடி அளந்தார்கள். புதிய செம்மைப்பாதம் வந்தது. சந்திரனில் பள்ளிக்கூடம் போகும் சிறுமியின் கணுக்காலே அதைவிட உறுதி. அலருக்குச் சான்று ஒருமனதாகக் கிடைத்தது. முன்பு மறுக்கப்பட்டவர்களுக்கும் கிடைத்தது.

வயதான எலும்போடு கோசலையால் கூடப் போக முடியவில்லை. அலரின் கணவன் பனிச்சுரங்கப் பணியில் இருந்தான்; பேறுகாலத்துக்கு வருவதாகச் சொன்னான். அலர் தனியாகவே இறங்கினாள்.

தூத்துக்குடி விண்துறையில் பாதமன்றத்தின் பூமி ஆய்வாளர்கள் அத்தனை பேரும் அவளை வரவேற்க நேரில் கூடியிருந்தார்கள். அவர்கள் நேரில் கூடியது அதுவே முதல் தடவை. அரைவட்டமாக மிதவை நாற்காலிகள். நடுவே கோசலையின் ஒளியுரு, முழு உருவமாக. கதவு திறந்தது. ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அலர் வந்தாள். தரை கண்ணாடியைப் போல வழுக்கியது. நாற்காலிகள் மிதப்பதற்காகப் போட்ட தரை அது. அவள் நின்று, காலணியைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அழுத்தி ஊன்றி நடந்தாள்.

"அந்த அக்காவுக்கு நாற்காலி குடுக்கலையாம்மா?" என்று கூட்டத்தில் ஒரு பிள்ளை கேட்டது.

"சும்மா இருடா. பாவம், நெலாவுல இருந்து வாராங்க."

அலர் சந்தியாகுவின் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டேன் மாமா."

"வா மக்கா, வா." அவர் கண் கலங்கிவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரியை உட்கார்ந்தபடி வரவேற்பது அவருக்கே பொறுக்கவில்லை போலும். ஒரு காலைக் கீழே விட்டுப் பார்த்தார். பெருவிரல் தரையைத் தொட்டதும், சில்லிட்டதோ என்னவோ, மறுபடி மேலே இழுத்துக்கொண்டார்.

அலர் அதைப் பார்த்தாள். அரைவட்டம் முழுவதையும் பார்த்தாள். மண்டபத்துக்கு வெளியே கண்ணாடி போல நீண்டு கிடந்த தெருவையும் பார்த்தாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"எம் பிள்ள கெட்டி எலும்போட பொறக்கும் மாமா, சரி. பொறந்த பொறகு அது யாரப் பாத்து நடந்து பழகும்?"

கோசலை மகளைப் பார்த்தாள், பிறகு தான் பாடுபட்டுச் சேர்த்த அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என்று அவள் மனசு தவித்தது.

"அருமையான கேள்வி," என்றார் சந்தியாகு. "இத இப்படியே விடக் கூடாது. இதுக்குன்னு நாம ஒரு தனிக் குழு போடுவோம். அடுத்த கூட்டத்துலயே கட்டுரை வாசிப்போம்."

லிஸ்பன் வழிமொழிந்தது. ஒசாகா ஆமோதித்தது. எதிர்ப்பே இல்லை. அத்தனை பேரும் நெகிழ்ந்து போய், நெடுநேரம் கைதட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.