துணை ஜனாதிபதிக்கு ஒரு ஃப்ரீஸர்!

போன் அலறியது.

மார்ஜரி ஸ்டான்ஃபில் எடுத்தாள்.

"ஹலோ?"

மூச்சு மட்டும் வந்தது.

இழுத்து... விட்டு... இழுத்து...

நடுநடுவே ஒரு விசில் சத்தம். ஈர மரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி.

"யாரு பேசறது?"

"செனட்டர்... எம்மெட் கோல்டரை... துணை ஜனாதிபதிக்கு... நிறுத்தப் போறீங்களாமே?"

மார்ஜரி பேனாவை எடுத்தாள்.

"நீங்க யாரு?"

"அதுக்கு முன்னாடி... அவர் வீட்டுக் கொட்டகையில ஒரு ஃப்ரீஸர் இருக்கு. அதைத் திறந்து பாருங்க. உள்ளே... ஒரு பொம்பளை தூங்கறா."

"ஃப்ரீஸர்ல தூங்கறாளா? என்ன உளர்றீங்க?"

"தூங்கறான்னு... ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

க்ளிக்!

மார்ஜரி வக்கீல். ஐம்பத்தெட்டு வயது. ஜனாதிபதி தேர்தலில் நிற்கும் ஜெனரல் ரஸ்ஸல் டன்பாருக்கு, கூடவே துணை ஜனாதிபதியாக நிற்கத் தகுந்த ஆள் யார் என்று தோண்டித் துருவிப் பார்ப்பது அவள் வேலை. வருமான வரி, பழைய காதல், காலேஜில் இழுத்த கஞ்சா... எதையும் விட மாட்டாள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற பெண் வீட்டுச் சித்திகள் அவளிடம் பாடம் படிக்கலாம்.

நாளைக் காலை பிட்ஸ்பர்க் மைதானத்தில் ஜெனரல் அந்த ஆளின் பெயரை அறிவிக்கப் போகிறார். பட்டியலில் முதல் பெயர் எம்மெட் கோல்டர். ஒஹையோ செனட்டர். மார்ஜரி 'சரி' என்று சொன்னால் சரி.

ஒரு கொலைகாரனுக்கு 'சரி' சொல்லிவிட்டால்...?

ஜெனரல் கவிழ்வார். கட்சி கவிழும். மார்ஜரியின் பெயர் சரித்திரப் புத்தகத்தில் வரும். சிரிப்பதற்கு!

"லமார்! காரை எடு!"

லமார் டாலிவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். க்ளீவ்லாண்ட் போலீஸில் கொலை வழக்குகளாகப் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மார்ஜரிக்காகத் துப்பறிகிறான். தின்பதற்கு மட்டும் ஓய்வு கொடுத்ததில்லை.

கார் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒஹையோ எல்லையை நோக்கிப் பறந்தது.

"இந்த வாரத்துல இது மூணாவது போன் மேடம். முதல்ல, லாஸ் வேகஸ்ல அவருக்கு ரெண்டாவது பொண்டாட்டி இருக்கான்னான். அந்த அட்ரஸ்ல போய்ப் பார்த்தா கார் கழுவற கடை! அப்புறம், குடிச்சிட்டு சர்ச்சுக்குள்ள காரை விட்டார்னான். சர்ச்சுல ஒரு கண்ணாடி கூட உடையலை. பாதிரியார் எனக்கு டோனட் கொடுத்தார்."

"டோனட் எல்லாம் சாட்சியில சேராது லமார்."

"ருசி சேரும் மேடம்."

"ரெண்டு பொய் சொன்னவன் மூணாவது நிஜம் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இல்லை."

"அதான் நேர்ல போறோம்."

லமார் ஒரு வளைவைத் திருப்பினான்.

"எனக்கு வேற ஒண்ணு இடிக்குது. இவர் ஜெயிச்சு ஜனவரியில செனட்டை விட்டு எழுந்தார்னா, அந்தக் காலி நாற்காலியில ஆளைப் போடறது ஒஹையோ கவர்னர். அவர் எதிர்க்கட்சி. தன் ஆளைத்தான் உட்கார வைப்பார். சுரங்கத் தொழிலாளிங்க நுரையீரல் சிகிச்சைக்கு ஒரு மசோதா வருதே... இவர் ஓட்டு ஒண்ணு குறைஞ்சா அது செத்துடும்."

"அது அவர் தலைவலி. அவர் ஃப்ரீஸர்ல என்ன இருக்குங்கறதுதான் என் தலைவலி!"

கெல்ஸோ ஃபெர்ரி. செனட்டரின் ஊர். மலைச் சரிவில் வெள்ளை மரவீடு. பின்னால் ஒரு கொட்டகை.

கதவைத் திறந்தது செனட்டரின் மனைவி வெர்னா. கையில் மாவு.

"வாங்கம்மா. கொஞ்சம் மெதுவா பேசுங்க. என் தம்பி தூங்கறான்."

முன்னறையில் சோபா நாற்காலி. அதில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஒரு ஒல்லி மனிதன் தூங்கிக்கொண்டிருந்தான். மடியில் போர்வை. மூக்கில் ஆக்ஸிஜன் ட்யூப். எதிரே டி.வி.யில் பேஸ்பால் சத்தமில்லாமல் ஓடியது.

"க்ளீட். நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தான். படுத்தா மூச்சு முட்டும். கட்டில்ல தூங்கி வருஷக்கணக்காச்சு."

செனட்டர் கோல்டர் சமையலறையிலிருந்து வந்தார். ஆறடி உயரம். விரலில் புதுக் கட்டு.

மார்ஜரியின் கண் அந்தக் கட்டின் மேல் நின்றது.

"கையில என்ன காயம் செனட்டர்?"

"கயிறு கட்டறப்போ கீறிடுச்சு." சட்டென்று நாக்கைக் கடித்தார். "அதாவது... ரொட்டி வெட்டறப்போ!"

லமாரின் புருவம் ஏறியது.

"நான் நேராவே சொல்லிடறேன்," என்றார் கோல்டர். "எனக்கு அந்தப் பதவி வேண்டாம்."

மார்ஜரி சிரித்தாள். லமார் அவள் காதருகே குனிந்தான்.

"எவ்வளவு வெறி பாருங்க மேடம்! கண்ணைப் பார்த்து வேண்டாம்கறார்!"

வாஷிங்டனில் துணை ஜனாதிபதி பதவி வேண்டுமென்று வாயால் கேட்டவன் கிடையாது. கேட்டால் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். 'வேண்டாம்' என்றால் சேர்ப்பார்கள். மறுபடி 'வேண்டாம்' என்றால் மேலே ஏற்றுவார்கள். கோல்டர் எல்லா டி.வி.யிலும் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தார். அதனால்தான் முதலிடம்!

"உங்க கொட்டகையைப் பார்க்கலாமா செனட்டர்?"

டங்! கோல்டர் கையிலிருந்த கரண்டி தரையில்.

"கொ... கொட்டகையா? அங்கே ஒண்ணுமே இல்லையே!"

"அந்த ஒண்ணுமில்லாததைத்தான் பார்க்கணும்."

"சாவி தொலைஞ்சு போச்சு."

அவர் இடுப்பில் சாவிக்கொத்து கிணுகிணுத்தது.

கொட்டகைக்குள் வைக்கோல் வாசனை. மூலையில் சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு ஃப்ரீஸர். ர்ர்ர்ர் என்று உறுமிக்கொண்டிருந்தது. அதில் பளபளவென்று ஒரு புதுப் பூட்டு.

பின்னால் காலடிச் சத்தம்!

மார்ஜரி திரும்பினாள். வாசலை அடைத்துக்கொண்டு கோல்டர். கையில் மண்வெட்டி.

"அது... எதுக்கு செனட்டர்?"

"சும்மா. கையில ஏதாவது இருக்கட்டும்னு."

லமார் ஒரு கையில் சாண்ட்விச்சோடு, மறு கையால் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். பூட்டு தெறித்தது. மூடி திறந்தது. வெள்ளைப் புகை எழுந்தது.

உள்ளே நீலத் தார்ப்பாய் மூட்டை. இறுக்கமாகக் கயிறு. அதன் ஓரத்தில்...

சிவப்பு ஹை ஹீல்ஸ் ஒன்று எட்டிப் பார்த்தது!

"வீ...ல்!"

கத்தியது மார்ஜரி. லமார் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். நிஜக் கொலைக்கு மட்டும்தான் அவன் அப்படிச் செய்வான்.

கயிற்றை அறுத்தான். தார்ப்பாயை விலக்கினான். அப்படியே நின்றான்.

"லமார்! யாரு அது? சின்னப் பொண்ணா?"

"சின்னப் பொண்ணுதான் மேடம். ஆனா..."

"ஆனா?"

"நாலு கால் இருக்கே!"

மான்! பெண் மான். ஒரு குளம்பில் சிவப்பு ஹை ஹீல்ஸ் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கெட்டியா கட்டியிருக்கணும்..." என்று முனகினார் கோல்டர்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லை."

மார்ஜரி விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தாள். போனை எடுத்தாள். முதல் இரண்டு போன்களில் நம்பர் வரவில்லை. இன்று வந்திருந்தது. கூப்பிட்டவன் மறைக்க மறந்துவிட்டான்!

பட்டனைத் தட்டினாள்.

ட்ரிங்...

அந்த வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது!

வெர்னா சிலையானாள். லமார் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். சோபா நாற்காலி. போர்வைக்கு அடியில்...

க்ளீட் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"எடுக்கட்டுமா... வேணாமா?"

அதே குரல்! அதே விசில்!

போனில் பேயாக மிரட்டிய மூச்சு, பக்கத்தில் நின்று கேட்டால் வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு மூச்சையும் வாங்க ஒரு மனிதன் பட்ட பாடு அது. மார்ஜரி போனைக் கீழே இறக்கினாள்.

"நீங்களா? உங்க அத்தானுக்கு எதிரா நீங்களே...?"

"எதிராவா? அத்தான்தான்... வசனம் எழுதிக் கொடுத்தார். லாஸ் வேகஸ்... என் சொந்தக் கற்பனை."

மார்ஜரி கோல்டரைப் பார்த்தாள். அவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆமாம். மூணும் எங்க வேலைதான்."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லலையா நானு?" கோல்டர் கத்தினார். "எத்தனை தடவை சொல்றது? டி.வி.யில சொன்னேன். ஜெனரல்கிட்ட நேர்ல சொன்னேன். அவர் தோள்ல தட்டி, 'இந்த அடக்கம்தான்யா எனக்குப் பிடிச்சிருக்கு'ங்கறார்! இப்பதான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க சிரிச்சீங்க!"

அவர் க்ளீட்டின் நாற்காலியைக் காட்டினார்.

"நான் எழுந்தா மசோதா போச்சு மேடம். இங்கே ஒரு ஆஸ்பத்திரி வராது. இவனைக் கூட்டிட்டு இப்ப கொலம்பஸ் வரைக்கும் போகணும். பாதி வழியில சிலிண்டர் காலியாகுது. இவனை மாதிரி இந்த மலை பூரா வீட்டுக்கு ஒருத்தன் நாற்காலியில தூங்கறான். துணை ஜனாதிபதியாகி நான் என்ன பண்ணப் போறேன்?"

"தினம் காலையில..." என்றான் க்ளீட், "ஜனாதிபதிக்கு இருமல் வந்துச்சான்னு... கேட்கலாம். இங்கேதான்... கேட்காமலே வருதே."

"சும்மா இருடா!" வெர்னா அதட்டினாள். அதட்டிக்கொண்டே போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "என் கல்யாணச் செருப்பைப் போய் மானுக்கு மாட்டியிருக்காங்க ரெண்டு பேரும்!"

மார்ஜரி கணக்குப் போட்டாள்.

சுத்தமான கை. சுரங்கத்துக்காரன் வீட்டு மாப்பிள்ளை. பதவிக்கு அலையாதவன். நடிப்புதான் வராது. துணை ஜனாதிபதிக்கு இதைவிட நல்ல ஆள் அமெரிக்காவில் கிடைக்க மாட்டார். 'சரி' என்று சொன்னால் அவள் வேலை முடிந்தது.

க்ளீட்டின் ஆக்ஸிஜனும்.

அவள் கையில் போன் அதிர்ந்தது.

ஜெனரல்!

ஸ்பீக்கரில் போட்டாள். உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் எச்சரித்தாள்.

"மார்ஜரி! மைதானத்துல மேடை போட்டாச்சு. கோல்டர் சரியா, இல்லையா?"

வாழ்க்கையில் பொய் அறிக்கை கொடுத்தறியாதவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லை ஜெனரல். அவர் ஃப்ரீஸர்ல ஒரு பெண்ணோட பிணம் இருக்கு."

லமார் சாண்ட்விச்சைக் கடிக்க மறந்தான்.

ஜெனரல் குரலைத் தாழ்த்தினார்.

"யார் பார்த்தது?"

"நானும் லமாரும்."

"வேற யாரும் பார்க்கலையே?"

"இல்லை... ஜெனரல், நான் சொன்னது காதுல விழுந்ததா? பிணம்!"

"விழுந்தது, விழுந்தது. ஒஹையோ கிடைக்கலைன்னா நான் ஜனாதிபதி ஆக முடியாது மார்ஜரி. நவம்பர் வரைக்கும் அந்த ஃப்ரீஸர் தாங்குமா?"

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். கோல்டரின் முகம் வெளுத்தது. இப்போதுதான் நிஜமாக!

"கரண்ட் போகாம பார்த்துக்கச் சொல்லு. நாளைக்குக் காலையில கோல்டரை மேடைக்குக் கூட்டிட்டு வந்துடு."

கொலையே போதவில்லை. இனி எதைச் சொல்வது? பிணத்துக்கு மேல் ஒரு அரசியல்வாதியைப் பயமுறுத்த என்ன இருக்கிறது?

பளிச்!

"ஒரு நல்ல சேதியும் இருக்கு ஜெனரல். நேத்து வந்த கருத்துக்கணிப்பு. கோல்டரை ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"வெரி குட்!"

"உங்களைவிட."

அமைதி.

"எங்கே? ஒஹையோலதானே?"

"நாடு பூரா. அவர் மேல, நீங்க கீழ நின்னா நல்லா இருக்கும்னு நிறைய பேர் சொல்றாங்க. உங்க சொந்த ஊர்லயும்."

"என் ஊர்லயா?"

"நாளைக்கு மேடையில அவருக்குத்தான் கைதட்டல் பலமா இருக்கும். காதைப் பொத்திக்கற மாதிரி."

ஜெனரல் தொண்டையைச் செருமினார். குரலில் திடீரென்று நீதி, நேர்மை எல்லாம் பொங்கியது.

"ஒரு கொலைகாரனை என் பக்கத்துல நிறுத்தச் சொல்றியா மார்ஜரி? என் மனசாட்சி இடம் கொடுக்காது. அவன் பேரை அடி!"

க்ளிக்!

வெர்னா மாவுக் கையோடு மார்ஜரியைக் கட்டிக்கொண்டாள். கோல்டர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. க்ளீட் கட்டை விரலை உயர்த்தினான். பேச மூச்சு போதவில்லை.

"நான் இவ்வளவு நாளா தப்பான ஆளைச் சோதனை போட்டிருக்கேன் லமார்," என்றாள் மார்ஜரி. "பிட்ஸ்பர்க் போனதும் முதல் வேலை, என் ராஜினாமா."

"எனக்கும் சேர்த்துக் கொடுத்துடுங்க மேடம்."

கோல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம். எனக்குப் பதிலா யாரு மாட்டப் போறாங்க?"

"லிஸ்ட்ல ரெண்டாவது ஆள்தான், செனட்டர்," என்றான் லமார். "ஜெனரலுக்கு ரொம்பப் பொருத்தம். கைதட்டல் தொந்தரவே கிடையாது!"

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

லமார் சாண்ட்விச்சின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

"விசாரிச்சேனே! அவரைப் பெத்த அம்மாவே இதுவரைக்கும் அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை!"