முந்தி அசைந்த படம்

அறையில் மூன்று பேர். கேமராவுக்கு நேர் எதிரே ஸ்டூலில் உப்பளக் கூலி பச்சமுத்து. அவன் வலப்பக்கம் மிஷினில் இணைத்த ஸ்டெதஸ்கோப்பை அவன் நெஞ்சில் பிடித்துக்கொண்டு அம்சவள்ளி; அவன் மனைவி, அந்த மையத்துக்கு ஒரே நர்ஸ். கதவோரம் மிஷின் பார்க்கும் கௌதமன். நாலாவதாகத் திரையில், பாண்டிச்சேரியிலிருந்து டாக்டர் சத்யப்ரியா. தூரத்திலிருந்தே நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணத்தில் தொடங்கினார்கள்.

திரையின் மூலையில் அவர்கள் அறையே தீப்பெட்டி அளவில் தெரியும். எப்போதும் சற்றுப் பிந்தித்தான் அசையும். சாட்டிலைட்டுக்குப் போய்த் திரும்புகிறது என்பான் கௌதமன். அன்றைக்கு மூலைப் படத்தில் பச்சமுத்து குனிந்து, உப்பு அரித்த கெண்டைக்காலைச் சொறிந்தான். அம்சவள்ளி திரும்பிப் பார்த்தாள். அவன் கை மடியில் இருந்தது. பிறகுதான் குனிந்தான். சொரக், சொரக்.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்ததால் பகலிலேயே அறை இருண்டு, சூடேறிய மிஷினின் ரப்பர் வாடையும் அவன் உடம்பின் உப்புச் சேற்று வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டின. வெளியே ஓர் உப்பு லாரி தேய்ந்து மறைந்த பிறகும், ஸ்பீக்கரில் அவன் நெஞ்சுத் துடிப்பு ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதயம் சீராக இருக்கிறது, மூச்சு வாங்குவது வெயில் களைப்பு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மூலைப் படத்தில் பச்சமுத்துவின் தலை தோளில் சாய்ந்தது. படத்து அம்சவள்ளி அவனைத் தரையில் கிடத்தி, இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தினாள்.

"மேடம், இவர இப்பவே அட்மிட் பண்ணணும். ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

"சத்தம் நல்லாதானேம்மா இருக்குது. உனக்கு என்ன தெரியுது?"

அம்சவள்ளி மூலைப் படத்தையே பார்த்தாள்.

பச்சமுத்து சிரித்தான். "ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லுவா மேடம். எனக்குன்னா நடுங்குறா. ஏம்பா கௌதமா, ஒரு டீ சொல்லு."

டீ வரவில்லை. அதற்குள் ஸ்பீக்கரில் துடிப்பு நின்றது. தலை சாய்ந்தது. போதும் என்று டாக்டர் சொல்லும்வரை அழுத்தினாள். சொன்ன பிறகும் அழுத்தினாள்.

பின்சுவரோரக் கட்டிலில் அவனைக் கிடத்தினார்கள். டாக்டர் போய்விட்ட திரையில் மூலைப் படம் மட்டும் மிச்சமிருந்தது. ஆராய்ச்சியில் யார் இறந்தாலும் அன்றைக்கே பாண்டிச்சேரிக்குக் கடிதம் போக வேண்டும். எழுத அவளைத் தவிர வேறு நர்ஸ் இல்லை. எழுதினாள். நாடி இல்லை. மூச்சு இல்லை. இறந்துவிட்டார். பசை தடவிக் கவரை ஒட்டினாள்.

போகும் வழியில் அனுமந்தையில் பச்சமுத்துவின் அண்ணனிடமும் சொல்லிவிடுவதாகக் கௌதமன் கவரை வாங்கிக்கொண்டு போனான். பைக் கிளம்பியது.

அம்சவள்ளி திரையைப் பார்த்தாள். மூலைப் படத்தில் கட்டில் காலி. படத்து அம்சவள்ளியின் தோளுக்குப் பின்னால், ஸ்டூலில், பச்சமுத்து.

கௌதமனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

படத்தில் அவன் குனிந்தான்.

பைக் சத்தம் கடிதத்தோடு பாண்டிச்சேரி ரோட்டில் தேய்ந்தது. அவள் திரும்பவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது. ஸ்டூல் நகர்ந்தது.

சொரக். சொரக்.