ஜெனிஸ்டன் அண்ணாவின் வரிகள்

ஹெக்டர் குடும்பத்தைத் திருகோணமலைக் கலியாண வீடுகளில் தெரியாதவர்களே இல்லை. அப்பா ஹெக்டர் கிற்றார் அடித்துக்கொண்டே பாடுவார். அம்மா றீற்றா, பதினான்கு வயது அண்ணா ஜெனிஸ்டன், பத்து வயது அஞ்சலினா மூவரும் சேர்ந்துகொள்வார்கள். ஆளுக்கொரு வரி. அவரவர் வரியை அவரவரே கட்ட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

ஒருநாள் பின்னேரம் அஞ்சலினாவின் பள்ளிக்கூடத்துப் பஸ்னா ரீச்சர் வந்தார்.

"சனிக்கிழமை துறைமுகப் பக்கம் சிறுவர் விழா. அஞ்சலினா தனியாப் பாட வேணும்" என்றார்.

"ஓம் ரீச்சர், பாடுறன்!" என்று துள்ளினாள் அஞ்சலினா.

ரீச்சர் போனதும் கண்ணாடி முன்னால் நின்று பாடிப் பார்த்தாள்.

"கப்பல் ஒன்று வருகுது..."

அவ்வளவுதான். பாட்டு நின்றுவிட்டது. அடுத்த வரி அண்ணாவுடையது! ஐயோ, இத்தனை வருடம் பாடியும் அவளுக்குத் தன் வரிகள் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் பாடும்போதெல்லாம் கலியாணக் கேக் எந்த மேசையில் இருக்கிறது என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்!

அப்பாவும் அம்மாவும் தங்கள் வரிகளை உடனே சொல்லிக் கொடுத்தார்கள்.

"அண்ணான்ர வரி?"

"அது அவன் கட்டினது. அவனைத்தான் கேக்க வேணும்" என்றார் அப்பா.

ஜெனிஸ்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தரமாட்டன். பெரிய பாடகிதானே, நீயே கட்டு."

அஞ்சலினாவுக்கு அழுகை வந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். பாதிப் பாட்டோடு மேடையில் போய் நிற்பதா? சரி, கட்டிப் பார்ப்போம் என்று குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று சத்தமாகப் பாடினாள்.

"கப்பல் ஒன்று வருகுது... கத்தரிக்காய் தருகுது!"

"கத்தரிக்காயா?" ஜெனிஸ்டன் ஓடி வந்தான். "விசரி! 'காகக் கூட்டம் தொடருது' எண்டு வரும்!"

அவசரத்தில் பாடியே காட்டிவிட்டான். குரல் தடித்துத் தொடங்கி, நடுவில் கிறீச்சிட்டு, காற்றாகிப் போனது. பாவம், அவன் தலை குனிந்தான்.

"கேட்டியா? குரல் உடைஞ்சு போச்சு. அதுதான் ரீச்சர் என்னைக் கேக்கேல்ல. இனி ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்."

அஞ்சலினாவுக்கு வந்த சிரிப்பு அப்படியே நின்றது. அண்ணாவின் கோபம் தன்மேல் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

"குரல்தானே அண்ணா உடைஞ்சது? வரிக்கு ஒண்டும் ஆகேல்லையே" என்றாள். "தா. ஒரு சொல்லும் பிழைக்காமல் பாடுறன்."

ஜெனிஸ்டன் கொஞ்சம் யோசித்தான். "மூண்டு தரம்தான் சொல்லுவன்" என்றான். முப்பது தரம் சொன்னான்.

சனிக்கிழமை அஞ்சலினா முழுப் பாட்டையும் தனியே பாடினாள். அண்ணாவின் வரிகள் வந்தபோது இன்னும் கவனமாகப் பாடினாள். ஒரு சொல்கூடப் பிழைக்கவில்லை. கைதட்டல் ஓயவே இல்லை.

"இன்னொரு பாட்டு! இன்னொரு பாட்டு!"

ஆனால் இன்னொரு முழுப் பாட்டுக்கு எங்கே போவது? அஞ்சலினா ஒலிவாங்கியில் உண்மையைச் சொன்னாள்.

"மற்றப் பாட்டுகளில எனக்கு என்ர வரி மட்டும்தான் தெரியும். மிச்சம் அந்தா, முன் கதிரைகளில இருக்கு!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "அவையளும் வரட்டும்!" என்று பஸ்னா ரீச்சர் கையசைத்தார். அப்பாவும் அம்மாவும் ஏறினார்கள். ஜெனிஸ்டன் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"என்னால ஏலாது. கிறீச்சிடும்."

அஞ்சலினா கீழே இறங்கிவந்து அவன் கையைப் பிடித்தாள். "கிறீச்சிட்டால் இன்னொருக்காப் பாடு. நாங்கள் காத்துக்கொண்டு நிப்பம்."

அவன் ஏறினான். பாட்டுத் தொடங்கி, அவன் முறையும் வந்தது. தடித்த புதுக் குரலில் பாடினான், நடுவில் கிறீச்சிட்டது. சனம் சிரித்தது. ஜெனிஸ்டனும் சிரித்தான். சிரித்து முடித்து, அதே வரியை முதலிலிருந்து இன்னும் சத்தமாகப் பாடினான்.